ஐந்நூறு அடி

1974 ஜனவரியில், பொங்கல் கழிந்த மறு வாரம், பிலவேந்திரனுக்கு டேராடூனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பாப்பாரப்பட்டியில் குடிதண்ணீர்ப் பம்பு ஓட்டுகிற வேலையில் அவன் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

"மிலிட்டிரி முத்திரைங்க" என்றார் தபால்காரர் பெரியண்ணன், உறையைத் திருப்பிப் பார்த்தபடி. "மறுபடியும் கூப்புடறாங்களா?"

"பிரிச்சாத்தான் தெரியும்."

பெரியண்ணன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிலவேந்திரன் பிரிக்கவில்லை. கையெழுத்தைப் பார்த்ததுமே யார் எழுதியது என்று தெரிந்துவிட்டது. உறையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மோட்டார் அறைக்குள் போய்விட்டான். தொட்டி நிரம்ப ஒரு மணி நேரம் ஆனது. மோட்டாரை நிறுத்தி, சத்தமெல்லாம் அடங்கிய பிறகுதான் பிரித்தான்.

பட்டாளத்து வழக்கப்படி ஆங்கில எழுத்தில் எழுதிய இந்தி. எழுதியவர் மேஜர் நேகி. ஐந்து வருடத்துக்கு முன்னால் கேப்டனாக இருந்தவர். விஷயம் இதுதான்: 1969இல் நாம் போன அதே சிகரத்துக்கு இந்த மே மாதம் புதுப் பையன்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். வழி தெரிந்த ஆள் வேண்டும். நீ ஓய்வு பெற்றுவிட்டாலும் அனுமதி வாங்க முடியும். சாமான் காக்கிற வேலைக்கு உன்னைக் கூப்பிடவில்லை, உச்சிக்குப் போகும் கயிற்றில் உனக்கு இடம் உண்டு. கிருஷ்ணப்பனுக்கும் விருப்பம் இருந்தால் அழைத்து வா.

பிலவேந்திரன் அதை நான்கு தடவை படித்தான். பிறகு வெளியே வந்து, எந்தக் காரணமும் இல்லாமல், குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டான்.

கடத்தூருக்குத் தெற்கே ஒரு சின்னக் கிறிஸ்தவ ஊரில் மானாவாரிக் கடலை போடுகிற குடும்பம் அவனுடையது. சீனாக்காரன் சண்டை முடிந்த கையோடு ஆள் எடுத்தபோது, அண்ணன் தம்பி நால்வரில் மூன்றாவதான அவன் போய் வரிசையில் நின்றான். பாலம் கட்டுவதும் பாதை வெட்டுவதும் வேலையாக இருந்த பிரிவில் சேர்த்தார்கள். பயிற்சி முகாமில் ஒரு நாள் சாப்பாட்டு வரிசையில் யாரிடமோ, "வூட்டுக்கு லெட்டர் போடணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். மூன்று பேர் தள்ளி நின்ற ஒருவன் தட்டோடு அவனிடம் வந்தான்.

"நீ எந்தூரு?"

அப்படித்தான் கிருஷ்ணப்பன் பழக்கமானான். ஏரியூர்க்காரன். ராகியும் அவரையும் விளைகிற காட்டிலிருந்து வந்தவன். ஒருத்தன் செபமாலையைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்குவான், இன்னொருத்தன் திருநீறில்லாமல் வெளியே வரமாட்டான். ஆனால் ஒரு பொட்டலம் ஊர்க் கடலை யாருக்கு வந்தாலும் சரிபாதி. காஷ்மீரில் பனிப் பயிற்சிக்கு ஆள் கேட்டபோது இருவரும் சேர்ந்து கை தூக்கினார்கள். பனியையே பார்த்திராத இரண்டு பேர் மூன்றே வருடத்தில் அந்தப் பிரிவிலேயே நல்ல மலையேறிகள் என்று பெயர் வாங்கினார்கள். பிலவேந்திரனுக்கு அதில் என்ன பிடித்தது என்று கேட்டால் அவனால் சொல்லத் தெரியாது. மேலே போகப் போகப் பேச்சு குறையும், நினைப்பு குறையும், அடுத்த அடி ஒன்றுதான் மிஞ்சும். அந்த நிலை அவனுக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை, கோயிலில்கூட.

1969இல் அவர்கள் போன சிகரத்துக்கு வரைபடத்தில் பெயர் இல்லை. 22,740 அடி என்று உயரம் மட்டும் போட்டிருந்தது. கிருஷ்ணப்பன் அதை, ஊர்ப்பக்கத்துக் கோயில் மலையின் பெயரால், "நம்ம தீர்த்தமலை" என்பான். நாலாவது முகாமிலிருந்து விடிவதற்கு முன்பே, இருவர் இருவராக இடுப்பில் கயிற்றால் பிணைத்துக்கொண்டு, இரண்டு கயிறாகக் கிளம்பினார்கள். முதல் கயிற்றில் கேப்டன் நேகியும் ஒரு ஷெர்பா வழிகாட்டியும். இரண்டாவது கயிற்றில் முன்னால் பிலவேந்திரன், முப்பது அடி பின்னால் கிருஷ்ணப்பன்.

பதினோரு மணிக்கு மேல் முகடு சாய்வாக அகன்றது. பனி முழங்கால் வரை புதைந்தது. ஓர் அடி வைத்து நான்கு மூச்சு வாங்க வேண்டும். வானம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. உச்சி கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. ஐந்நூறு அடி உயரம் பாக்கி. கேப்டனும் ஷெர்பாவும் அதற்குக் கீழே இரண்டு புள்ளிகளாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். பிலவேந்திரனுக்கு நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் எழும்பியது. அழுகை வருவதற்கு முன்னால் வருமே, அது மாதிரி.

அப்போது இடுப்பில் கயிறு இழுத்தது.

திரும்பிப் பார்த்தான். கிருஷ்ணப்பன் பனியில் உட்கார்ந்திருந்தான். வலது கையுறை கழன்று மணிக்கட்டு நாடாவில் தொங்கியது. வெறுங்கையை முகத்துக்கு நேரே பிடித்து, அது வேறு யாருடையதோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிலவேந்திரன் இறங்கிப் போனான். "கையுறையப் போடுடா."

கிருஷ்ணப்பன் சிரித்தான். போடவில்லை. பிலவேந்திரனே மாட்டிவிட்டான். பிறகு, உயரத்தில் ஒருவனுக்குப் புத்தி தடுமாறுகிறதா என்று அறிய, மறக்கவே முடியாத ஒன்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள் அல்லவா, அதன்படி கேட்டான்.

"உம் பொண்ணு பேரு என்ன?"

கிருஷ்ணப்பனுக்கு அப்போது மூன்று வயதில் ஒரே மகள். சாலம்மாள். விடுமுறையில் போனபோது இரண்டே தடவை பார்த்திருக்கிறான். கூடாரத்தில் அவன் பேச்சில் பாதி அவளைப் பற்றித்தான் இருக்கும். இப்போது அவன் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. பிலவேந்திரன் மனசுக்குள் இருபது வரை எண்ணினான். மறுபடி கேட்டு, மறுபடி எண்ணினான். மணி பார்த்தான், பன்னிரண்டாக இருபது நிமிடம். மேலே பார்த்தான். உச்சி அதே இடத்தில் இருந்தது.

தனியாகப் போய்விட்டு வந்து இவனைக் கூட்டிக்கொண்டு இறங்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. வரவில்லை என்று அவன் பின்னாளில் யாரிடமும் பொய் சொன்னதில்லை. அந்த நினைப்பு இரண்டு மூச்சு நேரம் இருந்தது. பிறகு பனிக்கோடாரியை இரண்டு கையாலும் தலைக்கு மேல் குறுக்காகத் தூக்கிப் பிடித்தான். இறங்குகிறோம் என்று அர்த்தம். மேலே ஒரு புள்ளி நின்று, கை தூக்கி, மறுபடி நகர்ந்தது.

இறங்கும் வழியெல்லாம் கிருஷ்ணப்பன், "மேல... மேல..." என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

நாலாவது முகாமைத் தாண்டி மூன்றாவதுக்கு வந்ததும் அவனுக்கு எல்லாம் தெளிந்துவிட்டது. வானமும் கடைசிவரை தெளிவாகவே இருந்தது. கேப்டனும் ஷெர்பாவும் உச்சியைத் தொட்டுவிட்டு மறுநாள் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள். எல்லோரும் கட்டிப் பிடித்துக்கொண்ட அந்த நேரத்தில்தான் கிருஷ்ணப்பன் எல்லார் முன்னாலும் சொன்னான்.

"எனக்கு ஒண்ணும் ஆவல. மூச்சு வாங்குச்சு, அதனால பேசல. பயந்துகிட்டது இவன்தான். எம்மேல சாக்குப் போட்டு எறங்கிட்டான்."

தான் செய்தது சரியா என்று பிலவேந்திரனுக்கே அப்போது தெரியவில்லை. அடிவார முகாமில் மருத்துவர் கிருஷ்ணப்பனைப் பார்த்துவிட்டு, "புத்தித் தடுமாற்றம் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம்" என்றார். கேப்டன் பிலவேந்திரன் தோளைத் தட்டி, நல்ல முடிவு என்றார். உச்சியைத் தொட்டவரின் கை அது. அன்றைக்கு அந்தத் தட்டல் பிலவேந்திரனுக்கு வலித்தது.

அதன் பிறகு இருவரையும் வேறு வேறு இடத்துக்கு மாற்றினார்கள். எழுபத்தொன்றில் போர் வந்தது, முடிந்தது. இருவரும் அடுத்தடுத்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்தார்கள். பாப்பாரப்பட்டிக்கும் ஏரியூருக்கும் நடுவில் பென்னாகரத்தில் பஸ் மாறினால் போதும். இரண்டு வருடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பார்க்காவிட்டாலும் அந்த ஐந்நூறு அடி பிலவேந்திரனோடேயே இருந்தது. பம்பு அறை வாசலில் நின்றால் வத்தல்மலை தெரியும். அதில் பனியும் இல்லை, உயரமும் இல்லை. இருந்தாலும் காலை நேரத்தில் அவன் கண் அதன் விளிம்பில் போய் நிற்கும். ஒரு தடவை தேர்த் திருவிழாவில் கூட்டத்துக்கு நடுவில் நின்றிருந்தபோது திடீரென்று அந்தச் சாய்வு, அந்தப் பனி, அடுத்த அடி எல்லாம் வந்துவிட்டன. மனைவி ராஜமேரி கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் தேர் நகர்ந்துபோனதைப் பார்த்தான். திருமணமான புதிதில் அவன் நினைப்பில் இருப்பது வேறு யாரோ பெண் என்று அவள் நினைத்திருந்தாள். பிறகு மலை என்று தெரிந்தபோது, பெண்ணாகவே இருந்திருக்கலாம், விட்டுக்கொடு என்று அவளிடம் போய்க் கேட்டாவது பார்த்திருக்கலாம் என்றாள்.

கடிதம் வந்த வெள்ளிக்கிழமை போய், திங்களன்று பிலவேந்திரன் ஏரியூருக்குக் கிளம்பினான். அவன் கணக்கு நேரானது. அன்று தான் செய்தது தப்பாக இருந்தால், ஒருவனுடைய உச்சியை அவன் பறித்திருக்கிறான். இப்போது அழைத்துப் போய் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும். தன் ஆசையும் அதோடு தீரும். ராஜமேரியிடமும் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்தான்.

கிருஷ்ணப்பன் காட்டில் அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்தான். உடம்பு கொஞ்சம் போட்டிருந்தான். பிலவேந்திரனைப் பார்த்ததும் நிமிர்ந்தான். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கூடையை எடுத்து வரப்பில் வைத்தான். அவன் மனைவி முனியம்மாள்தான், "வாங்கண்ணா, வூட்டுக்குள்ள வந்து உக்காருங்க" என்று கூப்பிட்டாள்.

"இருக்கட்டும்மா, இங்கயே உக்காந்துக்கறன்."

அவள் இரண்டு சொம்பு மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். பிலவேந்திரன் கடிதத்தை நீட்டினான். கிருஷ்ணப்பன் ஒவ்வொரு வரியாக வாய்க்குள் படித்தான். மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

"நீ போயிட்டு வா" என்றான்.

"உன்னக் கூட்டிட்டுப் போவலாம்னுதான் வந்தன். நீ மேல நிக்கணும். அதுக்கப்பறம்தான் எனக்கு."

கிருஷ்ணப்பன் மோர்ச் சொம்பைக் கையில் எடுத்தான். குடிக்காமல் கீழே வைத்தான்.

"பிலவேந்திரா, அன்னிக்கு நீ கேட்டது எனக்கு நல்லாக் கேட்டுது."

பிலவேந்திரன் கடிதத்தைச் சட்டைப் பைக்குள் செருகினான்.

"மூச்சு வாங்கல. பேரு வரல. பேருகூட இல்ல. பொண்ணுன்னு நீ எதைச் சொல்றன்னே எனக்கு வெளங்கல. எவனுக்கோ ஒரு பொண்ணு இருக்குது, அத எங்கிட்ட வந்து கேக்கறான்னு இருந்துச்சு. மூணாவது கேம்புக்கு வந்து டீ குடிச்சம் பாரு, அப்பதான் பேரு வந்துச்சு. வந்ததும் ஒடம்பெல்லாம் நடுங்கிப்போச்சு."

"அப்பவே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"எப்பிடிச் சொல்றது? பெத்த புள்ள பேரு வரலன்னு எந்த வாயால சொல்றது? நான் மறந்துட்டன்னு தெரிஞ்சவன் உலகத்துல நீ ஒருத்தன்தான். உன்னப் பாத்தாலே எனக்கு அது ஞாபகம் வரும். அதனாலதான் அப்பிடிப் பேசிட்டன். பேசினப்பறம் திருப்பி எடுக்கத் தெரியல."

பள்ளிக்கூடம் விட்டு ஒரு எட்டு வயதுப் பெண் பையோடு வரப்பில் வந்தாள். புது ஆளைப் பார்த்ததும் அப்பன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"யாரு தெரியுமா? இவரும் நானும் ஒரே கயித்துல இருந்தம்" என்றான் கிருஷ்ணப்பன். அவளுக்கு அது புரியவில்லை. "மாமாவுக்கு வணக்கம் சொல்லு" என்றான். அது புரிந்து, சொன்னாள்.

விடைபெறும்போது பிலவேந்திரன் மறுபடி கேட்டான். கிருஷ்ணப்பன் இல்லை என்று தலையை ஆட்டினான். "எனக்கு ஆசை இல்லாம இல்ல. தெனமும் நெனக்கறன். ஆனா இன்னொரு தடவ அந்தப் பேரு என்ன உட்டுப் போயிடுச்சுன்னா நான் தாங்கமாட்டன். நீ போ. உனக்கு எல்லாம் ஞாபகம் இருந்துச்சு."

திரும்பி வரும் பஸ்ஸில் பிலவேந்திரனுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஐந்து வருடமாகச் சுமந்தது இறங்கிவிட்டது, இனி இலேசாக இருக்கும் என்று எதிர்பார்த்தான். கொஞ்சம் இலேசாகத்தான் இருந்தது. ஆனால் பென்னாகரம் தாண்டும்போது அவனுக்கு ஒன்று தெரிந்தது. தப்புச் செய்தோமோ என்கிற உறுத்தல்தான் தன்னை அந்த மலைக்கு இழுக்கிறது என்று நினைத்திருந்தான். அந்த உறுத்தல் போய்விட்டது. இழுப்பு போகவில்லை. மேலே கட்டியிருந்த துணி விலகினாற்போல் இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. கிருஷ்ணப்பனுக்காக இல்லை. யாருக்காகவும் இல்லை. அவனுக்கு அங்கே போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து ராஜமேரியிடம் நடந்ததைச் சொன்னான். அவள் கடலைத் தோல் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப அவரு வரல. நீங்க?"

"தெரியல."

"போவணும்னு இருக்குதா இல்லியா, அதச் சொல்லுங்க."

"இருக்குது."

"அப்ப போயிட்டு வாங்க. எங்கம்மா ரெண்டு மாசம் இங்க வந்து இருந்துக்கும். பம்ப உங்க தம்பி பாத்துக்குவாரு. இங்க ஒடம்பையும் அங்க மனசையும் வெச்சிக்கிட்டு எத்தன வருசம் இருப்பீங்க? பாத்துட்டாவது வந்துடுங்க."

அவள் அவ்வளவு எளிதாகச் சொல்வாள் என்று அவன் நினைக்கவில்லை. தடுப்பதற்கு ஒருவருமில்லை. மறுநாளே பழைய பூட்ஸை எடுத்துத் துடைத்தான். தண்ணீர்த் தொட்டியின் ஏணிப்படியில் முதுகில் மணல் மூட்டையோடு ஏறி இறங்கிப் பார்த்தான். மூச்சு பழைய மாதிரி இல்லை, ஆனால் மூன்று மாதத்தில் வந்துவிடும் என்று தோன்றியது.

ஏறி இறங்கும்போதெல்லாம் மனசு அந்த முகட்டில்தான் இருந்தது. சாய்வு அகல்கிறது. பனி முழங்கால் வரை. மணி பதினொன்று தாண்டுகிறது. உச்சி நேராகத் தெரிகிறது. பின்னால் யாரோ ஒரு பையன் கயிற்றில் வருகிறான், முகம் தெரியாதவன், மேஜர் அனுப்பியவன். அந்த இடத்துக்கு வந்ததும் இடுப்பில் கயிறு இழுக்கும். அங்கே நினைப்பை நிறுத்திவிடுவான். மறுநாள் மறுபடி அடிவாரத்திலிருந்து தொடங்குவான். மறுபடி அந்த இடம். மூன்று நாள் இப்படிப் போயிற்று. நாலாவது நாள் நினைப்பை நிறுத்தாமல் விட்டுப் பார்த்தான். என்ன நடக்கிறது என்று பார்த்ததும் ஏணிப்படியிலேயே மூட்டையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நடந்து வரும்போது, பிள்ளைகள் இரண்டும் முன்னால் ஓடிய பிறகு, ராஜமேரியிடம் சொன்னான்.

"நான் போவல."

அவள் நின்றாள். "ஏங்க?"

"அன்னிக்குக் கயிறு இழுத்தப்ப திரும்பிப் பாத்தன். அப்ப எனக்கு ஆசை இவ்வளவு பெருசா இல்ல. இப்ப அஞ்சு வருசமா வளந்துபோச்சு. நெனச்சு நெனச்சுப் பாக்கறன், கயிறு இழுக்குது, நான் திரும்பிப் பாக்கறதில்ல. ஒரு தடவகூட."

"சும்மா நெனக்கறதுதான?"

"இல்ல. நெசமா நடந்தாலும் திரும்ப மாட்டன். எனக்குத் தெரியுது. பின்னால வர்றவன் எவன் பெத்த புள்ளயோ."

ராஜமேரி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "மேஜருக்கு இன்னிக்கே எழுதிடுங்க. நாளைக்குன்னா மனசு மாறும்" என்றாள். அவன் அன்றே எழுதினான். உடம்பு சரியில்லை என்று எழுதத் தொடங்கி, அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, தன்னால் இப்போது கயிற்றில் முன்னால் போக முடியாது, ஏனென்றால் பின்னால் வருகிறவனுக்காகத் திரும்பி இறங்குவோம் என்ற நம்பிக்கை தனக்கே இல்லை என்று எழுதினான். கிருஷ்ணப்பனுக்கும், போகவில்லை என்று ஒரு கார்டு போட்டான். மேஜரிடமிருந்து ஒரு வரிப் பதில் வந்தது. புரிகிறது என்று மட்டும்.

மே மாதம் வந்தது. பாப்பாரப்பட்டியில் வெயில் ரோட்டுத் தாரை உருக்கியது. கிணறுகள் வற்றி, பம்பு காற்றை இழுத்துத் திக்கியது. ஊரே தண்ணீரைப் பற்றிப் பேசியது. பிலவேந்திரனும் பேசினான், மண்டையில் துணியைச் சுற்றிக்கொண்டு குழாய்களைச் சரிபார்த்தான். உள்ளுக்குள் வேறொரு நாட்காட்டி ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்கு ஆற்றைக் கடந்திருப்பார்கள். இன்றைக்கு முதல் கூடாரம் போட்டிருப்பார்கள்.

மூன்றாம் வாரத்தில் ஒரு சந்தை நாள். பம்பு அறை வாசலில் நிழல் விழுந்தது. கிருஷ்ணப்பன் ஒரு சாக்குப் பையோடு நின்றுகொண்டிருந்தான்.

"சந்தைக்கு வந்தன். வெத வாங்கணும்" என்றான். வைகாசியில் வெயில் கொளுத்தும்போது ஏரியூரிலிருந்து இரண்டு பஸ் ஏறி விதை வாங்க வருகிறவன் யாருமில்லை. பிலவேந்திரன் மோட்டாருக்குப் பக்கத்தில் பலகையைத் தட்டிப் போட்டான்.

கிருஷ்ணப்பன் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "இந்நேரம் எங்க இருப்பாங்க?"

"நேத்து மூணாவது கேம்ப். இன்னிக்கு ரெஸ்ட்டு."

"காத்து அடிக்குமா?"

"மத்தியானத்துக்கு மேல அடிக்கும்."

"அந்தப் பாறை இடுக்குல பனி எளகியிருக்கும். வலப்பக்கமாப் போவச் சொல்லி எழுதினியா?"

"எழுதினன்."

அன்று சாயங்காலம் கடைசி பஸ் வரும்வரை அவர்கள் பேசினார்கள். ஒவ்வொரு முகாமாக, ஒவ்வொரு திருப்பமாக. எங்கே கெட்டில் உருண்டு போனது, எங்கே ஷெர்பா பாடினான், எங்கே கிருஷ்ணப்பன் தூக்கத்தில் ராகிக் களி கேட்டான். நாலாவது முகாம் வரை வந்தார்கள். அதற்கு மேல் இருவரும் போகவில்லை. கிருஷ்ணப்பன் விதை வாங்காமலே பஸ் ஏறினான்.

ஜூலையில் மேஜரின் கடிதம் வந்தது. ஐந்து பேர் உச்சியைத் தொட்டார்கள், அதில் இரண்டு பேர் இருபத்திரண்டு வயதுகூட நிரம்பாத பையன்கள். எல்லோரும் பத்திரம். வானம் கடைசிவரை தெளிவு. பிலவேந்திரன் படித்து முடித்து, பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துவிட்டு மடித்தான்.

ராஜமேரி அவன் முகத்தைப் பார்த்தாள். "வயித்தெரிச்சலா இருக்குதா?"

"இருக்குது" என்றான்.

"ரொம்பவா?"

"ரொம்பத்தான்."

அவள் சோறு போட்டாள். அவன் சாப்பிட்டுவிட்டு, கிருஷ்ணப்பனுக்கு ஒரு கார்டு எழுதினான்: அஞ்சு பேரு ஏறிட்டாங்க, எல்லாரும் எறங்கிட்டாங்க, விவரம் நேர்ல, இந்த வாரம் வா. அதைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, நான்கு மணித் தண்ணீர் திறக்க நேரமாகிவிட்டதால் வேகமாக நடந்தான்.